சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகளோடு தொண்டூழியம்: ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு

"லிஃப்ட் வந்துடுச்சு, வா வா" என்றேன்.

"மின்தூக்கி, டீச்சர்" என்றான் அந்த எட்டு வயதுப் பையன், ரொம்பச் சாதாரணமாக.

திருச்சியில் ஏழு வருடம் தமிழாசிரியையாக இருந்துவிட்டு வந்தவள் நான். அவனைத் தமிழ் வாசிக்கப் பழக்குவதற்காகவே அந்த அடுக்குமாடிப் புளோக்குக்குப் போயிருந்தேன். மேலே ஏறியதும் அதே பையன் "டீச்சர், என் ஷூலேஸ டை பண்ணிவிடுங்க" என்று காலை நீட்டினான். மின்தூக்கியும் டை பண்ணுவதும் ஒரே வாயிலிருந்து, ஒரு நிமிட இடைவெளியில். இங்குள்ள பிள்ளையின் தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு உறைக்க ஒரு வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

கணவரின் வேலைக்காக வந்து, பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்து சலித்துப்போய், 'பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாமே' என்று கிளம்பியவள் நான். இப்போது அதே நிலையில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் என்னிடம் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு சொல். நம் ஊரில் தன்னார்வலர் என்கிறோம். இங்கே தொண்டூழியர், தொண்டூழியம். தமிழ் முரசு நாளிதழிலும் சமூக மன்றத்துச் சுவரொட்டியிலும் இந்தச் சொல்தான் இருக்கும். தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, துணைப்பாட வகுப்பு, பயிற்சித்தாள், கைத்தொலைபேசி, உணவங்காடி நிலையம் என்று இன்னும் சில சொற்கள் உண்டு. பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வது பிள்ளைகளுக்குப் புரிய இவை வேண்டும்.

பாஸைப் பாருங்கள்

வேறெதற்கும் முன்னால், உங்கள் கையில் இருக்கும் பாஸ், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, எது என்று பாருங்கள். கணவரோடு வந்தவர்களுக்குத் தரும் டிப்பெண்டன்ட் பாஸா, வேலைக்கு வந்தவரின் எம்ப்ளாய்மென்ட் பாஸா, மாணவர் பாஸா, பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவரின் வருகை அனுமதியா? உங்களுடையதற்கு என்ன விதி என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் படியுங்கள். அப்புறம், சேரப்போகும் அமைப்புக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே 'இந்த பாஸில் இருக்கிறேன், இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்யலாமா?' என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை நம்பிப் போகாதீர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. நாலு வாரம் நன்றாகச் சொல்லித்தந்தால் ஐந்தாவது வாரம் ஏதாவது ஓர் அம்மா ஓரமாகக் கூப்பிட்டு, "டீச்சர், வீட்டுக்கு வந்து டியூஷன் எடுக்க முடியுமா? மணிக்கு இவ்ளோ தரேன்" என்பார். நல்ல மனசோடு கேட்பதுதான். ஆனால் காசு கை மாறினால் அது வேலை. டிப்பெண்டன்ட் பாஸில் இருப்பவர்கள் வேலை பார்ப்பதற்கு 2021 மே 1 முதல் பொதுவாக அவர்கள் பெயரிலேயே தனி வேலை அனுமதி வேண்டும். மோதிரம், புடவை, பரிசுச்சீட்டு என்று வேறு வடிவில் வந்தாலும் வாங்காதீர்கள். "இல்லைங்கக்கா, என் பாஸுக்கு அனுமதி இல்ல" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. விதி என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் புரியும்.

எங்கே போய்க் கேட்பது

வீட்டில் ஒருவர் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருந்தால் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சிண்டா என்று ஒரு சின்னப் பிடித்தம் இருக்கக்கூடும். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் என்பதன் சுருக்கம் அது. 1991-இல் தொடங்கியது. குடிமக்கள், நிரந்தரவாசிகள், எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்கள் என்று இங்கே வேலை பார்க்கும் இந்திய வம்சாவளியினரின் சம்பளத்திலிருந்து மாதம் 1 வெள்ளியில் தொடங்கி அதிகபட்சம் 30 வெள்ளி வரை அதற்குப் போகிறது. (வெள்ளி என்றால் டாலர். இதுவும் பழகிவிடும்.) அந்தப் பணத்தில் நடப்பவற்றில் துணைப்பாட வகுப்புகளும் (டியூஷன்தான்), சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கும் திட்டமும் உண்டு. ஆகவே, நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கே நேரத்தையும் கொடுக்கலாம்.

தேசிய நூலக வாரியம் 2004 முதல் 'கிட்ஸ்ரீட்' என்றொரு திட்டத்தை நடத்துகிறது. வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வரும் 4 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவதுதான் வேலை. முன்பு ஆசிரியராக இருந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆங்கிலம் அமெரிக்கர்போல இருக்க வேண்டியதும் இல்லை. புதிதாக வந்தவர்களை நான் பெரும்பாலும் இங்கேதான் அனுப்புகிறேன். ஆனால் இங்கே மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். 'தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும்' என்ற எண்ணத்தோடு போனால் சரிப்படாது.

'கிவிங் டாட் எஸ்ஜி' தளத்தில் பல அமைப்புகளின் அழைப்புகளும் ஓரிடத்தில் கிடைக்கும். 'பிள்ளைகள்', 'கல்வி' என்று வடிகட்டித் தேடலாம். உங்கள் பேட்டையின் சமூக மன்றத்திலும், பள்ளி விட்டதும் பிள்ளைகள் போய் உட்காரும் மாணவர் பராமரிப்பு நிலையங்களிலும் நேரில் போய்க் கேட்கலாம். தொண்டூழியம் செய்ய உங்களிடமே கட்டணம் கேட்கும் இடம் எதுவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

விண்ணப்பம்

ஊரில் ஒரு பள்ளிக்குப் போய் "பிள்ளைங்களுக்கு ஏதாவது சொல்லித்தரேன்" என்றால் தலைமையாசிரியர் டீ கொடுத்து வகுப்பறைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். இங்கே அது நடக்காது. படிவம், நேர்காணல், உறுதிமொழி, அரைநாள் பயிற்சி எல்லாம் உண்டு. என் முதல் விண்ணப்பத்துக்கு ஒன்றரை மாதம் பதிலே இல்லை. 'நம்மை வேண்டாம் என்கிறார்கள் போல' என்று மனசு விட்டுப்போனது. அப்படியில்லை, அங்கே ஒரே ஓர் ஊழியர் இருநூறு பேருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள்.

மின்னஞ்சலைச் சுருக்கமாக எழுதுங்கள். யார் நீங்கள், என்ன பாஸ், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வர முடியும், இங்கே எத்தனை மாதம் இருப்பீர்கள். கடைசியாகச் சொன்னதை மறைக்காதீர்கள். ஆறு மாதத்தில் ஊர் திரும்புவீர்கள் என்றால் ஆறு மாதம் என்றே எழுதுங்கள். அதற்கேற்ற வேலை அவர்களிடம் இருக்கும். ஒரு வருடம் என்று சொல்லிச் சேர்ந்து மூன்றாவது மாதம் காணாமல் போகிற தொண்டூழியரை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அப்படிப் போனவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே ஊரில் ஆசிரியராக இருந்தவர்கள் என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடக் கணக்கு

கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும். நாலு பருவம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம், ஜூனில் நாலு வாரம், நவம்பர் நடுவிலிருந்து ஆண்டு முடியும் வரை விடுமுறை. நம் ஊர் ஜூன் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நவம்பர் கடைசியில் உற்சாகமாகப் போய்ச் சேர்ந்தால், பிள்ளைகள் யாரும் இருக்க மாட்டார்கள். விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பரில் போட்டு ஜனவரியில் தொடங்குவது நல்லது.

ஆறாம் வகுப்பு, அதாவது தொடக்கநிலை 6, முடிவில் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. நம் ஊர்ப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் பதற்றத்தைப் பன்னிரண்டு வயதுக்கு இறக்கிவிட்டது போல இருக்கும். ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு, செப்டம்பரில் கேட்டல், செப்டம்பர் கடைசியிலிருந்து எழுத்துத் தேர்வு. ஜூலைக்குப் பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் போய் "புதுசா ஒரு கதை படிக்கலாமா?" என்றால் அது உங்களைப் பாவமாகப் பார்க்கும். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது வாய்மொழித் தேர்வுக்குப் பேசிப் பழக ஓர் ஆள். ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றி உரையாடச் சொல்வார்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து, "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

மதிப்பெண் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நவம்பரில் ஓர் அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "டீச்சர், பெரியவன் பிஎஸ்எல்இயில பத்து எடுத்திருக்கான்" என்றார். நான் அவர் தோளைத் தொட்டு, "பரவாயில்லக்கா, போகப் போக நல்லா எடுத்துடுவான்" என்றேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. 2021-இலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை நிலை கொடுக்கிறார்கள். 1 தான் உச்சம். நாலு பாடத்தையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, மிகக் குறைந்தது 32. பத்து என்றால் தெருவுக்கே இனிப்பு கொடுக்கலாம். அந்த அக்காவிடம் அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்.

எல்லா இந்தியப் பிள்ளையும் பள்ளியில் தமிழ் படிப்பதில்லை. இந்தி, உருது, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளை தமிழ் எடுத்திருக்கும். முகத்தைப் பார்த்துத் தமிழில் ஆரம்பிக்காமல், கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அந்தப் பிள்ளையின் தமிழ்

இந்தப் பகுதி நீளமாகத்தான் போகும். நான் அதிகம் தப்புச் செய்தது இதில்தான்.

முதல் மாதம் என்னிடம் தந்த பிள்ளை, தொடக்கநிலை 2 படிக்கும் ஒரு பையன். புளோக்கின் கீழ்த்தளத்தில் போட்டிருக்கும் கல்மேசையில் உட்காருவோம். "அம்மா என்னை ஃபெட்ச் பண்ண லேட்டா வந்தாங்க" என்பான். நான் உடனே, "அழைத்துச் செல்லத் தாமதமாக வந்தார்கள். சொல்லு பார்ப்போம்" என்பேன். சொல்வான். அடுத்த வாக்கியம், அடுத்த திருத்தம். இரண்டாவது வாரம் வாக்கியங்கள் சுருங்கின. மூன்றாவது வாரம் தலையாட்டல் மட்டும். 'பிள்ளைக்குக் கூச்ச சுபாவம்' என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். இப்போது படித்தால் எனக்கே அவமானமாக இருக்கிறது.

நாலாவது வாரம் அவன் கையிலிருந்த மைலோ பாக்கெட்டிலிருந்து இரண்டு சொட்டு மேசையில் விழுந்தது. எறும்பு வந்தது. புத்தகத்தை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், "டீச்சர், எறும்பு மைலோ ட்ரிங்க் பண்ணுது" என்றான். எனக்கு அன்று களைப்பு. திருத்தத் தெம்பில்லாமல், "அப்படியா, எவ்ளோ குடிக்கும்?" என்று கேட்டுவைத்தேன். "கொஞ்சம்தான் குடிக்கும். வயிறு ஸ்மால்." பிறகு எறும்பின் வீடு எங்கே, அதன் அம்மா தேடுமா, மழை பெய்தால் என்ன ஆகும் என்று பத்து நிமிடம் பேசினான். 'குடிக்கும்' என்ற சொல் அவன் வாயில் அதற்குப் பிறகு நாலு தடவை வந்தது. நான் சொல்லித்தரவில்லை. என் கேள்வியில் இருந்ததை எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து நான் செய்வது இது. பிள்ளை "அவன் ஃபால் டவுன்" என்றால், "ஐயோ, விழுந்துட்டானா? எங்க விழுந்தான்?" என்று கேட்கிறேன். சரியான சொல்லைக் கேள்விக்குள் வைத்துத் திருப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான். அது எடுத்துக்கொண்டாலும் சரி, விட்டாலும் சரி, பேச்சு நிற்கக் கூடாது. தப்பைத் திருத்துவதற்குப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார், வாராவாரம் சொல்வதெழுதுதல் இருக்கிறது. தமிழில் பேசினால் கேட்பதற்கு ஆள் இருப்பதுதான் பல பிள்ளைகளுக்குக் குறைவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர், எல்லா இனத்தவரையும் சேர்த்து, நூற்றுக்கு 2.5 பேர். 2010-இல் அது 3.3. தமிழ் இங்கே ஆட்சிமொழி, ரயில் நிலையப் பலகைகளில் இருக்கிறது, தொலைக்காட்சியில் இருக்கிறது. ஆனால் அண்ணன் தங்கச்சி சண்டை போடுவது ஆங்கிலத்தில்.

பேச்சுத்தமிழைக் குறைவாக நினைக்கும் பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2005-இல் இங்கே தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவே வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நீங்கள் மேடைத்தமிழில் பேசினால் பிள்ளை உங்களைச் செய்தி வாசிப்பவர் என்று நினைக்கும். அதே சமயம் நம் வட்டார வழக்கை வேகமாக அடித்துவிட்டாலும் புரியாது. "சோலிய முடிச்சிட்டு வா" என்ற என்னிடம் ஒரு சிறுமி, "சோலி யாரு டீச்சர்?" என்று கேட்டாள்.

வாசிப்புக்கு நான் வைத்திருக்கும் முறை எளிது. பிள்ளையே இரண்டு புத்தகத்திலிருந்து ஒன்றை எடுக்கட்டும். அட்டைப் படத்தில் மூன்று நிமிடம் நின்று பேசுங்கள். பக்கத்தைத் திருப்புவது பிள்ளையின் வேலை. ஏழு வயதுக்குக் கீழே என்றால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மிச்ச நேரம் வரையட்டும், நடிக்கட்டும், கதையின் முடிவை மாற்றட்டும். நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து வாசிக்கக் காசு கட்ட வேண்டாம். சனிக்கிழமைக்குத் தேவையானதை வெள்ளிக்கிழமையே போய்ப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களும் நல்லவைதான். ஆனால் கிணறு, களத்துமேடு, மாட்டுவண்டி என்று வரும்போது ஒவ்வொன்றுக்கும் நின்று படம் காட்ட வேண்டியிருக்கும். எம்ஆர்டி ரயில், காப்பிக்கடை, விளையாட்டு மைதானத்துச் சறுக்கு என்று அவர்கள் பார்க்கும் உலகம் வருகிற கதை ஒன்றாவது பையில் இருக்கட்டும்.

கேட்கக் கூடாதவை, செய்யக் கூடாதவை

"எந்த ஊரு கண்ணா?" என்று ஒரு பையனிடம் கேட்டேன்.

"அங் மோ கியோ" என்று தன் பேட்டையின் பெயரைச் சொன்னான்.

"இல்லப்பா, சொந்த ஊரு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங் மோ கியோ அவென்யூ 3" என்றான்.

பக்கத்தில் இருந்த அவன் பாட்டி சிரித்துவிட்டார். "நானே கேகே ஆஸ்பத்திரியில பொறந்தவம்மா" என்றார். நம்மை விட மூன்று தலைமுறை முன்னால் வந்து, இந்த ஊரைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 'நீங்களும் நம்ம ஆளுதானே' என்ற பாவனையில் ஊர், சாதி, சம்பளம், வீடு சொந்தமா வாடகையா என்றெல்லாம் கேட்காதீர்கள். "ஏன் இப்படிக் கறுத்துப் போயிட்ட", "குண்டாயிட்டியே" என்பதெல்லாம் நமக்கு அன்பு மாதிரி தெரியும். கேட்கிற பிள்ளைக்கு அப்படித் தெரிவதில்லை. (உண்மையில் ஊரிலும் தெரிவதில்லை. அங்கே யாரும் எதிர்த்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.)

கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் தூக்கி உட்காரவைப்பது, விளையாட்டுக்குக்கூட முதுகில் தட்டுவது, எதுவும் வேண்டாம். கதவைச் சாத்திய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். பிள்ளையைத் தனியாக எங்கும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் அந்த மின்தூக்கியில் பையனைக் கையைப் பிடித்து ஏற்றியதற்கே ஒருங்கிணைப்பாளர் பிற்பாடு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று கோபமாக வந்தது. இப்போது புதியவர்களுக்கு அதையே நான் சொல்கிறேன்.

படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை மறந்துவிடுங்கள். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு பிள்ளையின் முகமோ பெயரோ பள்ளிச் சீருடையோ வெளியே போகக் கூடாது. ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் காட்ட ஆசையாக இருந்தால் நீங்கள் செய்து வைத்த பொம்மையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

சாப்பாடு. எதைக் கொண்டுபோவதாக இருந்தாலும் முன்கூட்டியே ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள், ஹலால் முத்திரை பார்த்து வாங்க வேண்டும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கும். விநாயகர் சதுர்த்திக்கு நான் ஆசையாகக் கொழுக்கட்டை செய்துகொண்டு போனேன். தேங்காய்ப் பூரணம்தான், யாருக்கும் கெடுதல் இல்லாதது. ஆனால் சாமிக்குப் படைத்ததைச் சில வீட்டில் சாப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டப்பாவோடு திரும்பி வந்து ஒரு வாரம் நாங்களே சாப்பிட்டோம்.

ஜூலை 21 இன நல்லிணக்க நாள். 1964 கலவரத்தை நினைவுகூர்ந்து 1997 முதல் பள்ளிகளில் அனுசரிக்கிறார்கள். பிள்ளைகள் பாரம்பரிய உடையில் போவார்கள். அந்த வாரம் சேலை கட்டிக்கொண்டு போனால் ஆயிரம் கேள்வி வரும். சந்தோஷமாகப் பதில் சொல்லலாம். மற்ற நாட்களில் மத விஷயத்தை நீங்களாக எடுக்காதீர்கள். சீனப் புத்தாண்டுக்கு ஒரு சீனக் குடும்பம் வீட்டுக்கு அழைத்தால் இரண்டு ஆரஞ்சுப் பழத்தை இரண்டு கையாலும் கொடுங்கள்.

நேரம் பற்றி ஒரே வரி: பத்து மணி வகுப்பு என்றால் 9:45-க்கு அங்கே இருங்கள். காய்ச்சல் என்றால் வர வேண்டாம். கை, கால், வாய்ப்புண் நோய் சின்னப் பிள்ளைகளிடையே சட்டென்று பரவும்.

வீட்டுக்குப் போகும்போது

சில திட்டங்களில் பிள்ளையின் வீட்டுக்கே போக வேண்டியிருக்கும். ஓரறை, ஈரறை வாடகை வீடாக இருக்கலாம். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். கண்ணை நாலாபுறமும் ஓட்டாதீர்கள். தண்ணீரோ தேத்தண்ணியோ தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் மனசு நோகும். "பசியாறியாச்சா?" என்று கேட்டால் காலைச் சாப்பாட்டைக் கேட்கிறார்கள். பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போக வேண்டும். யாரும் இல்லையென்றால் கதவுக்கு வெளியிலிருந்தே ஒருங்கிணைப்பாளரை அழைத்துச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

பிள்ளையின் உடம்பில் காயம் பார்த்தாலோ, கேட்கக் கூடாத ஒன்றைப் பிள்ளை சொன்னாலோ, நீங்கள் போலீஸ்காரர்போல விசாரிக்க வேண்டாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்ய வேண்டாம். கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள், அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். வீட்டில் உங்கள் கணவரிடமோ தோழியிடமோ பெயர் சொல்லிப் பேசாதீர்கள். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் காய் வாங்கப் போனால் பாதித் தமிழர்களைப் பார்த்துவிடலாம். அவ்வளவு சின்ன ஊர் இது.

கிளம்பும்போது

நம் இருப்பு பாஸைப் பொறுத்தது. வேலை மாறும், பாஸ் முடியும், ஊருக்கோ வேறு நாட்டுக்கோ கிளம்ப வேண்டியிருக்கும். தெரிந்த அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளையிடம் மூன்று நாலு வாரம் முன்னால் சொல்லுங்கள், கடைசி நாளில் அல்ல. நாட்காட்டியில் எத்தனை சனிக்கிழமை மிச்சம் என்று சேர்ந்து எண்ணுங்கள். "திரும்பி வருவேன்" என்று சொல்லாதீர்கள். விலை கூடிய பரிசு வேண்டாம். அந்த எறும்புப் பையனோடு சேர்ந்து நான் எட்டுப் பக்கத்தில் ஒரு கதை எழுதி, அவன் படம் வரைய, நடுவில் ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தேன். தலைப்பு அவன் வைத்தது: 'எறும்பு மைலோ குடிச்சிச்சு'.

அப்புறம், உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு அரைப் பக்கம் எழுதிவைத்து ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். மதிப்பெண்ணோ 'நல்ல பிள்ளை, கூச்சப் பிள்ளை' என்பதோ வேண்டாம். நான் எழுதிக்கொடுத்தது இது: "ஜன்னல் பக்கம் உட்காரவைக்காதீர்கள், பேருந்து எண்களைப் படிக்க ஆரம்பித்துவிடுவான். உரக்க வாசிக்கச் சொன்னால் முதல் பக்கத்தை நீங்கள் வாசியுங்கள், இரண்டாவதை அவனே வாங்கிக்கொள்வான். ழகரம் வராது, விட்டுவிடுங்கள், வரும். பூச்சி வருகிற கதை எதுவானாலும் பிடிக்கும். லிஃப்ட் என்று சொல்லிவிடாதீர்கள்."